தியான் வீட்டுத் தளபதி

வம்ச நூலை எங்கே ஒளிப்பதென்று தியான் சிங்வாங்குக்குப் புலப்படவில்லை. பதிவு அதிகாரி ஷியாங் மலைப்பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

“இன்னும் கையிலேயே வெச்சுக்கிட்டு நிக்கிறீங்களே!” என்றாள் மனைவி சியூமெய், நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி.

குடும்பப் பதிவில் சீனச் சிறுபான்மை இனமான ‘துஜியா’ என்று எழுதிவிட்டால், வரப்போகும் இரண்டாவது பிள்ளைக்குத் தடையில்லை. பெரும்பான்மை இனமான ‘ஹான்’ என்று எழுதினால், ஒரு பிள்ளைக்கு மேல் கூடாதென்ற சட்டப்படி அபராதமும் அவமானமும்தான். வீட்டில் அனைவரும் அசல் துஜியாக்கள். ஆனால் நூலின் முதல் பக்கமோ, குலத்தின் மூதாதை தொலைதூர ஜியாங்ஷி மாகாணத்திலிருந்து கறுப்புக் குதிரையில் வந்த ஹான் தளபதி என்று சாதித்தது.

சிங்வாங் அதைப் பசையரிசிப் பணியாரத் தட்டின் அடியில் செருகினார். உடனே பெரியப்பா வந்துவிட்டார்.

“படையலுக்கு நூலை எங்கடா காணோம்?”

தேடி எடுத்தார். அட்டையில் ஒட்டியிருந்த பணியாரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, படையலில் இருந்த பன்றித் தலைக்குப் பக்கத்தில் நூலை எடுப்பாக நிறுத்தினார். அதிகாரியும் உள்ளே நுழைந்தார்.

“அது என்ன புத்தகம், தோழர்?”

“அதுவா... பன்றி வைத்தியங்க,” என்றார் சிங்வாங், மிகுந்த பணிவுடன்.

“நல்லதாப் போச்சு! எங்க வீட்டுப் பன்றி தவிட்டைத் தொடவே மாட்டேங்குது. என்ன குடுக்கலாம், பார்த்துச் சொல்லுங்க.”

வேறு வழியின்றி நூலைப் பிரித்தார். “முதல்ல... இஞ்சி. அப்புறம்... மிளகாய்...”

“எங்க தளபதி பன்றிக்கு மருந்தாடா?” பெரியப்பா நூலைப் பிடுங்கி, முக்காலி மேல் ஏறி, முதல் பக்கத்தைக் கணீரென்று வாசிக்கத் தொடங்கினார். அதிகாரியின் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. அபராதத் தொகையைத்தான் கணக்கிடுகிறார் என்று சிங்வாங் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசிப்பு முடிந்தது. அதிகாரி படையலைப் பார்த்தார். “பன்றித் தலையெல்லாம் தயாரா இருக்கே. புத்தாண்டு விருந்து நாளைக்குத்தானே?”

“அது ஹான்காரங்களுக்கு!” என்று சீறினார் பெரியப்பா. “நாங்க என்னிக்கும் ஒரு நாள் முன்னாடிதான். பாட்டன் காலத்துலேருந்து அப்படித்தான்!”

அதிகாரி பேனாவைத் திறந்து, ‘துஜியா’ என்று அழுத்தமாக எழுதினார். “சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க. எங்க வீட்டுலயும் விருந்து இன்னிக்குத்தான்.”

சியூமெய் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. சிங்வாங்குக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க... அப்போ அந்தத் தளபதி?”

“அவரா? ஹான்காரங்க நம்மளையும் மதிக்கணும்னு, எங்க கொள்ளுத்தாத்தா ஒரு பன்றியைக் குடுத்து, உங்க கொள்ளுத்தாத்தாகிட்ட இட்டுக்கட்டச் சொல்லி எழுதி வாங்கினவருதான். எங்க வீட்டு நூல்ல குதிரை மட்டும் வெள்ளை.”