பருந்தண்ணன் தரையிறங்கிய நாள்

ஈஜோக்கிலிருந்து கெர்லிங் வரை யாருக்கெல்லாம் உச்சந்தலையில் முடியில்லை என்பது கடவுளுக்கு அடுத்தபடியாகப் பருந்தண்ணனுக்குத்தான் தெரியும். எங்கள் வட்டாரத்தின் டிரோன்காரர் அவர். வாரநாளில் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே டிரோனைப் பறக்கவிட்டு, எந்த மரத்துக்கு நோய் என்று படமெடுத்துக் கொடுப்பார். வாரக்கடைசியில் கல்யாணம், காதுகுத்து. மரத்துக்கும் மனுஷனுக்கும் அவர் வித்தியாசம் பார்த்ததே இல்லை. தரையில் நின்று படமெடுப்பது அவரைப் பொறுத்தவரை பாவம்.

புக்கிட் செந்தோசாவில் ஒரு கல்யாணத்தை முழுக்க மேலேயிருந்தே எடுத்தார். வீடியோவைப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பா கொதித்துப்போனார்.

"என்னங்க இது, ஒரு மூஞ்சிகூடத் தெரியல!"

"மூஞ்சி தினமும் பாக்குறதுதானே லா. பந்தி வரிசையப் பாருங்க. கயிறு புடிச்சு நட்ட மரமாட்டம் எவ்ளோ அழகு!"

என்னை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. டிரோனை என் தலைக்கு மேலே நிறுத்தி, கையிலிருந்த திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "தம்பி, நடுவுல நாலு மரம் பட்டுப்போச்சு. ஓரமும் தாங்காது. மறுநடவுதான்." அன்றிலிருந்து நான் தொப்பியில்லாமல் வெளியே போவதில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் என் தங்கை மகனின் காதுகுத்துக்குச் சிபாரிசு செய்தேன். ஈஜோக் பக்கம், செம்பனைக்கு நடுவே ஒரு கோயில். பின்வரிசைக்காரர்களும் பார்க்கட்டும் என்று, டிரோன் பிடிக்கிற படம் அப்படியே வந்துவிழும்படி பந்தலில் பெரிய டிவி வைக்கச் சொன்ன மகா புத்திசாலியும் நான்தான்.

தங்கை காலையிலேயே எச்சரித்திருந்தாள். "அண்ணே, தாய்மாமன் நீ. நல்ல நேரம் முடியறதுக்குள்ள பிள்ள உன் மடில உக்காரணும். எங்கயாச்சும் காணாமப் போன, சேகர் அண்ணன் மடிதான். அப்புறம் ஆயுசுக்கும் உன்கூடப் பேச மாட்டேன்." சேகர் எங்கள் பெரியப்பா மகன். மடியைத் தட்டிச் சரிசெய்துகொண்டேதான் பந்தலுக்குள் வந்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை வேட்டி கட்டுகிற ஆள் நான். ஆகவே இடுப்பில் ஒட்டிக்கொள்கிற ரெடிமேட் வேட்டி. பாக்கெட் கிடையாது, கைப்பேசி தங்கையின் கைப்பையில். கோயில் என்பதால் தொப்பி காரில். கழிப்பறையில் பெரிய வரிசை என்று செம்பனைக்குள் ஒதுங்கினேன். காரியம் முடிந்து திரும்பினால் எதிரே இரண்டு நாய்கள்.

ஓடினேன். வெட்டிப் போட்டிருந்த மட்டையின் முள்ளில் வேட்டி மாட்டியது. 'பர்ர்ர்' என்று ஒரே சத்தம். கட்டிய வேட்டி கிழிந்திருக்கும். ஒட்டிய வேட்டி மரியாதையாக முழுசாகக் கழன்றுகொண்டது. வேட்டி நாய்களுக்கு. ஒரு வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் நான்: மேலே பட்டுச் சட்டை, கீழே வாத்துப் படம் போட்ட உள்சிலுவார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் மனைவி ஆசையாக வாங்கிக் கொடுத்தது. எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வரிசை. மேளச் சத்தமோ எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. தங்கையின் முகம் கண்ணில் ஆடியது.

அப்போதுதான் தலைக்கு மேலே அந்த ரீங்காரம். டிரோன் தாழ இறங்கியதும் நாய்கள் வேட்டியோடு ஓடின. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "தெய்வமே!" என்று கும்பிட்டேன். டிவி ஒன்று இருப்பது மறந்தே போயிற்று.

பந்தலில் முதலில் என் வழுக்கைதான் தெரிந்ததாம். "நாலு பட்ட மரம்! நம்ம தம்பிதான் லா!" என்று பருந்தண்ணன் கத்தியிருக்கிறார். டிரோன் இன்னும் இறங்க, வாத்துகள் தெரிந்தன. பந்தலே எழுந்து நின்றதாம்.

டிரோன் போய்விட்டது. திரும்பி வந்தபோது அதன் காலில் பருந்தண்ணனின் மஞ்சள் துண்டு தொங்கியது. இடுப்பில் சுற்றிக்கொண்டேன். டிரோன் கொஞ்சம் முன்னே போகும், நிற்கும், நான் வாய்க்காலில் விழுந்து எழும்வரை காத்திருக்கும்.

நான் நுழைந்ததும் பந்தலில் கைதட்டல். சேகர் மடியில் அப்போதுதான் பிள்ளையை வைக்கப்போனார்கள். தங்கை பாய்ந்து பிடுங்கி, என் ஈரத் துண்டின் மேல் உட்காரவைத்தாள். "வாத்து மாமா வந்தாச்சு, காதக் குத்துங்க!" என்றான் சேகர். பிள்ளை வலியில் அழுதான். நான் வெட்கத்தில் அழுதேன். அதன்பிறகு எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் யாராவது 'குவாக்' என்பார்கள். வீட்டிலேயே கிடந்தேன்.

வீடியோ வந்ததும் பயந்துகொண்டே போட்டேன். செம்பனைக் காட்சி இல்லவே இல்லை. மடியில் பிள்ளை உட்காருகிற இடத்தில் மட்டும் படம் ஆடிக்கொண்டே இருந்தது. தரையில் நின்று, கைப்பேசியில் எடுத்தது. திரை முழுக்க அழுகிற என் முகம்.

போன் போட்டேன். "அண்ணே, நீங்களா கீழேருந்து எடுத்தீங்க?"

"கேவலமாதான் வந்திருக்கு. என்ன பண்ண தம்பி, ஊரே உன் மண்டையப் பாத்துருச்சு. மூஞ்சியையும் ஒரு வாட்டி பாக்கட்டுமேன்னுதான்."

இப்போதும் வெளியே போனால் தொப்பிதான். ஆனால் தலைக்கு மேலே அந்த ரீங்காரம் கேட்டால் மட்டும் கழற்றிவிடுவேன். கீழே நிற்பது நான்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?