கறுத்துப்போன தண்டை

இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு பொடி. தரைக்கு ஒரு பொடி, துணிக்கு ஒரு பொடி, பல்லுக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிக் கொட்டுகிறார்கள். ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் துலக்கின பெண்கள் எங்கே போனார்களோ தெரியவில்லை.

சமையலறை வாசலில் நின்று ஹமாதி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மஹ்ரெஸியா காதில் வாங்கவில்லை. சோடா மாவு கரைத்த வெந்நீரிலிருந்து தன் கல்யாணத் தண்டைகள் இரண்டையும் எடுத்துத் துடைத்தாள்.

"பாருங்க. வருஷக்கணக்கா ஏறின கறுப்பு, கால் மணி நேரத்துல போயிடுச்சு. அடியில அலுமினியத் தாளை விரிச்சு, மேல சோடா மாவு. அவ்வளவுதான்."

"யார் சொன்னது?"

"சி நாஜி."

நாஜி பக்கத்து வீட்டுக்காரர்; 'சி' என்பது அந்த ஊர் மரியாதை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. எழுபது வயதிலும் தலை நிறைய முடி. ஒருவரைச் சந்தேகப்பட அது ஒன்றே போதும். போதாததற்கு வெள்ளிக்கிழமைதோறும் மஹ்ரெஸியா அவருக்கு ஒரு கிண்ணம் கோதுமை ரவைக் குஸ்குஸ் அனுப்புகிறாள், மேலே பெரிய கறித்துண்டாகப் பார்த்து வைத்து.

ஆனால் ஹமாதியை உறுத்தியது அது இல்லை. தண்டை வெள்ளை வெளேரென்று மின்னியது. மின்னக் கூடாது.

ஏனென்றால், நாற்பது வருடத்துக்கு முன்னால் அவர் மாப்பிள்ளையாக வாங்கிக் கொடுத்தது செம்புத் தண்டை. மேலே வெங்காயத் தோல் கனத்துக்கு வெள்ளி. இது அவருக்கும் கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கடைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாண வீடுகளில் மஹ்ரெஸியாவின் தண்டைச் சத்தம் கேட்டாலே ஹமாதி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அன்றுதான் முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்க்கிறார். தேய்ந்த ஓரத்தில் சிவப்பு தெரிய வேண்டும். தெரியவில்லை.

அப்படியானால் இது அவர் கொடுத்தது இல்லை. வேறு யாரோ கொடுத்தது. கேட்கவும் முடியாது. கேட்டால் செம்புக் கதை வெளியே வந்துவிடும்.

வாசலில் மஹ்ரெஸியாவின் அக்கா ஜுபைதா குரல் கொடுத்தாள். வியாழக்கிழமை ஜுபைதாவின் பேத்திக்குக் கல்யாணம். பெண்கள் எல்லோரும் ஹம்மாமுக்குக் குளிக்கக் கிளம்பினார்கள்.

"தண்டை மேஜையில இருக்கு. தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு மஹ்ரெஸியா போனாள்.

கதவு சாத்தியதும் ஹமாதி தொட்டார்.

முதலில், உள்ளே செம்பு தெரிகிறதா என்று பார்க்க, எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்தார். மஹ்தியா துறைமுகத்தில் முப்பது வருடம் படகுக்குச் சாயம் அடித்தவர். உப்புப் பட்டால் செம்பு என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். தண்டை இன்னும் வெளுத்தது.

"மேல்தோல் தடிமனா இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தோலை உரிக்க வேண்டும். துணி வெளுக்கிற ஜாவெல் புட்டி கண்ணில் பட்டது. அவருடைய நல்ல நீலச் சட்டையை ஒரே நாளில் வெள்ளையாக்கியது அதுதான். சட்டையின் வேஷத்தைக் கலைத்தது தண்டையின் வேஷத்தைக் கலைக்காதா? தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றி, தண்டைகளைப் போட்டு, ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார்.

இரண்டும் அடுப்புக்கரி மாதிரி இருந்தன.

தேய்த்தார். போகவில்லை. சோப்புப் போட்டார். கறுப்பு இன்னும் பளபளப்பாகத் தெரிந்தது. ஹம்மாமிலிருந்து பெண்கள் வர ஒரு மணி நேரம்கூட இல்லை. ஜாவெலை முறிக்க வேண்டும் என்று அதே பாத்திரத்தில் ஒரு புட்டி வினிகரைக் கவிழ்த்தார்.

பாத்திரம் சீறியது. மஞ்சள் பச்சையாக ஒரு ஆவி எழுந்தது. பூனை ஜன்னல் வழியாகப் பாயப் பார்த்து, மூடிய கதவில் மோதி விழுந்து, வாசல் வழியாக ஓடியது. ஹமாதி இருமிய இருமல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

நாஜி ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். ஜன்னலின் கீழ்த்தாழ்ப்பாளை ஒரு குத்துக் குத்தித் திறந்தார். ஹமாதியைத் தரதரவென்று முற்றத்துக்கு இழுத்து வந்தார்.

"அது குளோரின். ரெண்டையும் யாராவது ஒண்ணாக் கலப்பாங்களா? இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா வியாழக்கிழமை கல்யாணத்துக்குப் பதிலா உங்க சாவுக்குத்தான் வந்திருப்போம்."

ஹமாதி கண்ணைத் துடைத்தார். மூச்சு வந்ததும் முதல் கேள்வி கேட்டார்.

"எங்க வீட்டு ஜன்னல் குத்தினாத்தான் திறக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுல எல்லா ஜன்னலையும் செஞ்சது ஒரே தச்சன். எங்க வீட்டுதும் குத்தினாத்தான் திறக்கும்."

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே ஹமாதிக்குப் பிடிக்கவில்லை.

ஆவி அடங்க அரைமணி நேரம் ஆனது. நாஜி பாத்திரத்தைக் கொட்டிக் கழுவி, தண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, வந்துடும். அலுமினியம் பொறாமை பிடிச்சது. வெள்ளி எதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாலும் தனக்கு வேணும்னு பிடுங்கிக்கும். தாள் இருக்கா?"

தாளை மஹ்ரெஸியா காலையிலேயே தீர்த்திருந்தாள். ஹமாதி சுற்றிலும் பார்த்தார். அவள் குஸ்குஸ் வேகவைக்கிற பெரிய பானை அலுமினியம். நாஜி வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அதில் வெந்நீரும் சோடா மாவும் தண்டையும் போட்டாயிற்று.

தண்டையின் கறுப்பு மெதுவாக விட்டது. பானைக்கு ஏறியது.

"நல்ல வெள்ளி," என்றார் நாஜி, துடைத்துப் பார்த்தபடி. "கலப்படமே இல்லை. இப்பல்லாம் இப்படிக் கிடைக்காது. யார் வாங்கினது?"

ஹமாதி அவர் முகத்தையே பார்த்தார். கேலியா, இல்லையா? தலைமுடிதான் தெரிந்தது.

"நான்தான்," என்றார். சொல்லும்போது தொண்டை எரிந்தது. குளோரினாகவும் இருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் திரும்பி வந்தார்கள். கண் சிவந்து நிற்கிற இரண்டு கிழவர்களையும் கறுத்த பானையையும் மஹ்ரெஸியா மாறி மாறிப் பார்த்தாள்.

"யார் செத்தது?"

நாஜி கும்பிடாத குறையாக நழுவிவிட்டார். அவர் அப்படி நழுவியதும் ஹமாதிக்குப் பொறுக்கவில்லை.

"இந்தத் தண்டை யார் குடுத்தது?"

"நீங்கதான்."

"பொய் சொல்லாத. நான் குடுத்தது செம்பு."

சொல்லிவிட்டார். நாற்பது வருடமாகப் பூட்டி வைத்திருந்தது மூன்றே வார்த்தையில் வெளியே விழுந்தது. சமையலறையில் இன்னும் ஜாவெல் நாற்றம் அடித்தது.

"தெரியும்," என்றாள் மஹ்ரெஸியா. "அதை விடுங்க. வியாழக்கிழமைக்குள்ள எனக்குப் பானை வேணும். இதுல என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"தெரியுமா? நாஜி சொன்னானா? அவன்தானே இதைக் குடுத்தது?"

ஜுபைதா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாள்.

"ஏன்யா ஹமாதி, அந்த மனுஷன் இந்தத் தெருவுக்கு வந்தே ஒன்பது வருஷம்தான் ஆகுது. நீ குடுத்ததைப் போட்ட மூணாம் நாளே இவ கணுக்கால் ரெண்டும் பாசி பிடிச்ச மாதிரி பச்சையாயிடுச்சு. வெள்ளி பட்டா பச்சை ஆகுமா? ஊர் பார்த்தா உன் மானம் போயிடும்னு அழுதா. நான்தான் கூட்டிக்கிட்டுப் போய், யாருக்கும் தெரியாம வெள்ளியா மாத்திக் குடுத்தேன்."

ஹமாதிக்கு உடம்பிலிருந்து ஏதோ இறங்கினது போல இருந்தது. அழுதாளாமே. அவருடைய மானத்துக்காக. இத்தனை வருடத்தில் யாரும் அவருக்காக அழுததாகக் கேள்விப்பட்டதில்லை.

ஆனாலும் ஒன்று இடித்தது.

"வெள்ளிக்குப் பதிலா என்ன குடுத்தீங்க? நம்மகிட்ட அப்ப என்ன இருந்தது? கல்யாணம் முடிஞ்ச வாரமே, லிபியாவுல வேலை பார்த்து நான் வாங்கிட்டு வந்த தங்கக் கடிகாரத்தைக்கூட அந்தத் திருட்டுப்பய மொக்தார் அடிச்சிட்டுப் போயிட்டான்."

மொக்தார் அவருடைய பெரியப்பா மகன். கடிகாரம் காணாமல் போன நாளிலிருந்து ஹமாதி அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மஹ்ரெஸியா திடீரென்று பானையை மும்முரமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"கடிகாரத்தைத்தான்யா குடுத்தோம்," என்றாள் ஜுபைதா.

ஹமாதி சிவப்புத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, பானை வாங்கி வருகிறேன் என்று முனகிவிட்டு வெளியே வந்தார். கடைவீதிக் காப்பிக்கடை வாசலில் மொக்தார் தனியாக உட்கார்ந்திருந்தார். ஹமாதியைப் பார்த்ததும், பேசுவாரோ என்று, வழக்கம்போல மொக்தாரின் தலை நிமிர்ந்தது. நாற்பது வருடமாக நிமிர்கிற தலை.

ஹமாதி நின்றார். யோசித்தார். கடிகாரத்தை எடுக்கவில்லை, சரி. வேறு எதையாவது எடுத்திருப்பான்.

வழக்கம்போல எதிர்ப்பக்கம் கடந்து நடந்தார்.