அய்யம்பெருமாள் போட்ட தூக்கத் தீர்மானம்

அய்யம்பெருமாளின் விடியற்காலைத் தூக்கத்தை யாரும் லேசாக எடை போட்டுவிடக் கூடாது. பகலெல்லாம் பெரம்பலூர் உரக்கடையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத மனிதர், அந்த நேரத்தில்தான் ஓடுவார். அரியலூர் சாலையில், கனவில். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் பூத்து நிற்கும். சிமெண்ட் லாரிகள் ஒதுங்கி வழிவிடும். கால் தரையில் படாது. தொப்பையும் கூட வராது. காற்றில் பறக்கும் பஞ்சு மாதிரி மிதந்துகொண்டே ஊருக்குள் பாலக்கரை வரை வந்துவிடுவார். அங்கே குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். அதை நெஞ்சால் தொடப்போகும் நேரம் பார்த்துப் போர்வை போய்விடும். போர்வையின் மறுமுனையில் மனைவி அம்பிகா நிற்பாள்.

"டாக்டர் நடக்கச் சொல்லி எத்தினி மாசம் ஆச்சு? எந்திரிங்க."

அவளுக்கு அவருடைய சர்க்கரைதான் கவலை. அவருக்கு ரிப்பன். ஒரே ஒரு நாளாவது அதைத் தொட்டுவிட வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் எடுபடாத அவர் பேச்சு ஊரில் ஓரிடத்தில் எடுபடும். அவர் சேவைச் சங்கத்தின் தலைவர். வியாழக்கிழமைதோறும் ஓட்டல் மாடியில் கூட்டம். தலைவர் மரச்சுத்தியலால் பித்தளை மணியைத் தட்டினால்தான் தொடங்கும். மணி அடித்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவரே கொண்டுவந்த விதி. அவரை நடக்கச் சொன்ன டாக்டரும் அங்கே உறுப்பினர்தான், அவரும் நிற்பார். அந்த மணியைக் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, ஷோகேஸில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார் அய்யம்பெருமாள்.

அந்த வாரச் சிறப்பு விருந்தினர் லப்பைக்குடிகாட்டு மர்வா, நெடுந்தூர ஓட்டத்தில் மாநிலப் பதக்கம் வாங்கிய பெண். குடும்பக் கூட்டம் என்பதால் மனைவிமாரும் வரலாம். தலைவரின் மூளை வேலை செய்தது. மர்வாவை முன்கூட்டியே ஃபோனில் பிடித்து, தூக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை அழுத்திச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். உண்மையைத்தானே சொல்லச் சொல்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன் என்றாள் அவள்.

சொல்லவும் செய்தாள். ஓடுகிறவருக்குக் கால் எவ்வளவு முக்கியமோ தூக்கமும் அவ்வளவு முக்கியம் என்றாள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள், நன்றாகத் தூங்கியிருந்தால் அந்தச் சத்தத்தில் செத்த காலுக்கும் உயிர் வரும் என்றாள். அய்யம்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சூடு ஆறுவதற்குள் எழுந்து தீர்மானம் போட்டார். விருந்தினர் எப்படித் தூங்குகிறாரோ அப்படியே சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தூங்க வேண்டும். வீட்டிலிருப்பவர்கள் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது அம்பிகாவின் கை. அவரால் நம்பவே முடியவில்லை. மற்ற கைகள் இறங்கிய பிறகும் அது இறங்கவில்லை. விருந்தினரிடம் ஒரு கேள்வி என்றாள். தலைவர் பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

"நீ எத்தினி மணிக்கும்மா படுப்ப?"

"ஒம்பதுக்குக்கா. ஃபோன வேற ரூம்ல வச்சிருவேன்."

"எந்திரிக்கிறது?"

"அஞ்சுக்கு. எந்திரிச்ச ஒடனே கிரவுண்டுக்குப் போயிடுவேன்."

அம்பிகா தலைவர் பக்கம் திரும்பினாள். "அதுவும் தீர்மானத்துல சேந்ததுதானுங்களே?"

டாக்டர்தான் முதலில் கைதட்டினார். பிறகு மாடியே தட்டியது. தலைவர் மணியை ஒரு தட்டுத் தட்டிக் கூட்டத்தை முடித்துவைத்தார். வேறு வழியில்லை.

அன்று ஒன்பது மணிக்கே ஃபோன் கைமாறியது. விளக்கும் அணைந்தது. கோபத்தோடுதான் படுத்தார். ஆனால் சீக்கிரம் தூங்கிய புண்ணியமோ என்னவோ, கனவு அன்று கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. மக்காச்சோளம் தலையசைத்தது. லாரிகள் ஒதுங்கின. பாலக்கரையில் வெங்காய மூட்டைகள்மேல் ஏறி நின்று ஜனங்கள் பார்த்தார்கள். ரிப்பனின் ஒரு முனையை மர்வா பிடித்திருந்தாள். இன்னும் நாலடி. போர்வை போகவில்லை. இன்று யாரும் இழுக்கவில்லை. டங் என்று மணி அடித்தது. கடைசிச் சுற்று. செத்த காலுக்கு உயிர் வந்துவிட்டது. அய்யம்பெருமாள் சந்தோஷம் தாங்காமல் நெஞ்சை நிமிர்த்தி எழுந்து நின்றார்.

கட்டில்மேல் நின்றிருந்தார். எதிரே மணியும் சுத்தியலுமாக அம்பிகா.

"கூட்டம் ஆரம்பிச்சாச்சு. ஷூ வாசல்ல இருக்கு, தலைவரே."