மேயரும் இரண்டாவது பேனரும்

ஜேர்மனியில் மேயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு வாக்குக்கூட வாங்காமல், இரண்டு விமானம் மாறிப் போகிற தூரத்தில் இருந்துகொண்டே தன் ஊரை இருபத்திநாலு மணிநேரமும் ஆண்டவர் ஒருவர்தான். அவர் ஹம் நகரில், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில், கிழவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலிப்பீன்ஸ்காரர். நாற்பது தாண்டியவர். சொந்தப் பெயர் ரயில் மாதிரி நீளம், ஆகவே எங்களுக்கு அவர் மேயர். "உங்கள் கிராமத்தில்..." என்று யாராவது வாய் தவறித் தொடங்கினால் போதும், கையில் இருக்கும் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு விரலை நீட்டுவார்.

"கிராமம் இல்லை. முனிசிபாலிட்டி!"

நாங்கள் பேசிக்கொண்டது டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில். அவருடைய டொச்சை அப்படியே எழுதினால் இந்தப் பத்திரிகையை ஒருவரும் வாங்கமாட்டார்கள், அதனால் எங்கள் தமிழிலேயே தருகிறேன். 'தங்கச்சி' என்ற சொல் மட்டும் அசல். சமையற்கட்டில் இருக்கும் சிவம் அண்ணை என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஊரின் சரித்திரம் எங்கள் மாடியில் எல்லோருக்கும் மனப்பாடம். முன்பு அது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பெரிய ஊரின் ஒரு மூலை. வயலும் வெங்காயத் தோட்டமும்தான். பிள்ளை பிறந்தால் பதிவதற்கு ஆற்றைக் கடக்க வேண்டும், மழைக்காலத்தில் ஆறு விடாது. வெள்ளம் வடிந்தபின் போனால், போன நாளையே பிறந்த நாளாக எழுதிவிடுவார்கள். முழு ஊரும் வெயில் காலத்தில் பிறந்ததாகப் பதிவு! பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். பெரிய ஊர் கோபத்தில் தேவாலய மணியைத் தரமாட்டேன் என்றது. இவர்கள் வேறெங்கோ ஒரு மணியை வாங்கி எருமை வண்டியில் ஏற்றினார்கள். எருமை பாதி வழியில் சேற்றில் படுத்துக்கொண்டது. மூன்று நாள் கெஞ்சினார்கள். கடைசியில் அது படுத்த இடத்திலேயே தேவாலயத்தைக் கட்டி, பக்கத்தில் முனிசிபாலிட்டி மண்டபத்தையும் கட்டிவிட்டார்கள்.

"அப்ப உங்கடை ஊருக்கு இடம் பாத்தது எருமையோ?" என்று சிவம் அண்ணை கேட்டார்.

"ஓம்," என்றார் மேயர், நெஞ்சை நிமிர்த்தி. "எங்கடை குணமும் அதுதான். படுத்தால் எழும்பமாட்டம்."

இன்னொரு குணமும் உண்டு. அந்த ஊரில் சாப்பாட்டைத் திறந்தால் கண்ணில் படுகிறவரையெல்லாம் கூப்பிட வேண்டும். மேயர் இடைவேளையில் டப்பாவைத் திறந்ததும் நடைபாதையைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "வாங்கோ, சாப்பிடுவம்!" ஒருநாள் தீயணைப்புக் கருவி பார்க்க வந்த மனிதர் உண்மையாகவே வந்து உட்கார்ந்து, சோறும் கருவாடும் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு, நன்றி சொல்லிப் போனார். மேயர் வெறும் டப்பாவைப் பார்த்தபடி இருந்தார்.

"தங்கச்சி, எங்கடை ஊரிலை கூப்பிடுறதும் மரியாதை, 'இல்லை, நீங்கள் சாப்பிடுங்கோ' எண்டு சொல்லுறதும் மரியாதை. இந்த நாட்டிலை ஆக்களுக்கு ரெண்டாவது பாதியைச் சொல்லிக் குடுக்கேல்லை."

அடுத்த நாளும் கூப்பிட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பரீட்சை வந்தது. ஊரில் பதினைந்து வருடம் தாதியாக இருந்தவர், இங்கே டொச் பரீட்சை பாஸ் பண்ணும்வரை வெறும் உதவியாள். எழுத்து பாஸ். பேச்சில் இரண்டு முறை கோட்டைவிட்டார். முதல் தடவை தலைப்பு, பொது இடத்தில் புகைபிடித்தல். "எங்கள் முனிசிபாலிட்டியில்..." என்று தொடங்கி, எருமை படுத்த இடத்துக்கு வரும்போது நேரம் முடிந்தது. இரண்டாம் தடவை, முதியோருக்கு விளையாட்டு. கூடைப்பந்து மைதானத்தில் தொடங்கினார். அவர் ஊரில் அறுவடைக்குப் பிறகு அங்கேதான் நெல் காயப்போடுவார்கள். அப்புறம் என்ன, நெல்தான்.

மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தவறினால் ஒப்பந்தம் முடிய அவர் பெட்டி கட்ட வேண்டும்.

"ஊருக்குப் போறது பிரச்சினை இல்லை," என்றார். "பேனர்தான் பிரச்சினை."

அங்கே ஒருவர் பரீட்சை பாஸ் பண்ணினால் அவர் முகத்தைப் பெரிய பேனரில் அடித்துச் சந்தியில் கட்டுவார்களாம். ஜேர்மனிக்கு வந்தபோது இவருக்கு ஒன்று கட்டினார்கள். இப்போது அம்மா அவசரப்பட்டு இரண்டாவதையும் அடித்து, சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

"பாஸ் பண்ணாட்டி?"

"அப்பா அதிலை நெல்லுக் காயப்போடுவார். சந்தியிலை கட்டாத பேனர் முற்றத்திலை கிடந்தால் ஊருக்கு விளங்காதோ? சனம் என்ரை மூக்கிலை மிதிச்சுக்கொண்டு போகும், தங்கச்சி."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அன்றே சட்டம் போட்டேன்: பரீட்சை முடியும்வரை முனிசிபாலிட்டி என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தால் சிவம் அண்ணையின் வெங்காயம் முழுவதும் அவர்தான் உரிக்க வேண்டும். முதல் கிழமை மனிதர் அழுதபடியே திரிந்தார். இரண்டாம் கிழமை குப்பை பிரித்தல் பற்றி மூன்று நிமிடம், எருமையே இல்லாமல் பேசினார். எனக்குப் புல்லரித்தது.

பரீட்சை நாளன்று டோர்ட்முண்டுக்கு நானே கூட்டிப்போனேன். உள்ளே போனவர் வரவேயில்லை. அடுத்த ஆள் கதவடியில் நகம் கடித்துக்கொண்டு நின்றான். ஒருவழியாக வெளியே வந்த மேயரின் முகம் சிவந்திருந்தது.

"என்ன கேட்டவை?"

"எங்கையிருந்து வாறீங்கள் எண்டு. ஹம் எண்டன். அதுக்கு முதல்? விமானத்திலை எண்டன். அதுக்கும் முதல்? 'மன்னிக்கோணும், அதைப் பற்றிக் கதைக்க எனக்கு அனுமதி இல்லை' எண்டன்."

"ஐயோ மேயர்!"

"பரீட்சை எடுத்த பொம்பிளை பேனையை வைச்சிட்டா. ஆர் தடுத்தது, ஏதும் பயமோ, எங்களிட்டைச் சொல்லலாம் எண்டா. உம்மைப் பற்றிச் சொன்னன். வெங்காயத்தைப் பற்றிச் சொன்னன். 'இப்ப நான் அனுமதி தாறன், கதையுங்கோ' எண்டா."

"கதைச்சீங்களோ?"

"ஒரு மாசமா அடக்கி வைச்சது தங்கச்சி, நிக்குமோ? நேரம் முடிஞ்சாப் பிறகு அவவே கேட்டா, 'அந்த எருமை பிறகு எழும்பினதோ?' எண்டு."

பாஸ்! கடிதம் வந்த அன்று சிவம் அண்ணை கேசரி கிண்டினார். மறுநாள் மேயர் கைபேசியை என் மூக்கடியில் நீட்டினார். சந்தியில், உரக்கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில் பேனர். நடுவில் வெள்ளைச் சட்டையில் மேயர். கீழ் மூலையில், கிறிஸ்மஸ் விருந்தில் எடுத்த படத்தில், தலையில் காகிதக் கிரீடத்தோடு நான்!

"இது எப்ப போட்டது?"

"முதலே. ரெண்டாந்தரம் பெயில் விட்டவுடனை அம்மாட்டைச் சொன்னன், இனித் தங்கச்சி விடமாட்டா, அவவையும் போடுங்கோ எண்டு."

அப்படியென்றால் அலமாரிக்கு மேலே அவருடைய மானத்தோடு என் மானமும் சுருண்டு கிடந்திருக்கிறது. படுபாவி, ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓடிப்போய்க் குளியலறையில் நின்று கொஞ்சம் அழுதேன்.

மேயர் இப்போது மனைவிக்கு வேலை கிடைத்த பவேரியாப் பக்கம் போய்விட்டார். எங்கள் மாடியில் இடைவேளை மிகவும் அமைதி, எனக்கு அது பிடிக்கவில்லை. போன அறுவடைக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பேனர் சந்தியிலிருந்து இறங்கி, ஊரில் அவர் அப்பாவின் முற்றத்தில் விரிந்து கிடக்கிறது. என் கிரீடத்தின் மேல் நெல் குவியல். கீழே ஒரு வரி: "உம்மிலைதான் நல்லாக் காயுது."

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் கைபேசியில் நான் பார்ப்பது ஹம்மின் வானிலையை அல்ல. மேயரின் முனிசிபாலிட்டியில் மழையா வெயிலா என்றுதான். நெல் காய வேண்டுமே.