இழுக்குமா, நிக்குமா?

திருச்சி ஜில்லாவிலேயே, கொக்கி மாட்டுவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மாட்டமாட்டேன் என்று சொல்லியே காலம் தள்ளிய ஒரே ஆசாமி எங்கள் கொக்கியார்தான். பாலக்கரையில் நான் குமாஸ்தாவாக இருந்த பட்டறையில், வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியைப் பூட்டும் வேலை அவருடையது. இயற்பெயர் அவர் சம்சாரத்துக்காவது தெரியுமா என்று எங்களுக்கெல்லாம் சந்தேகம்.

ஜீயபுரத்திலிருந்து ஒரு வாழைத்தார் வியாபாரி ஜீப்போடு வந்தார். "பின்னால ஒரு டிரெயிலர் மாட்டணுங்க. என் ஜீப்பு மலையையே இழுக்கும்!"

"இழுக்குமான்னு யாருங்க கேட்டா? நிக்குமா?" என்றார் கொக்கியார்.

"என்னது?"

"மலை உங்க பின்னாலயே வருதுல்ல? நீங்க பிரேக் போட்டா அதுவும் நிக்கணும்ல? சொல்லுங்க."

வியாபாரி வேறு பட்டறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஸ்ரீரங்கத்துத் தேரிலும் இதே கதைதான். ஊரே வடத்தைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இவர் மட்டும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைத் தேடிப்போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் அறுபத்து மூன்றிலோ நாலிலோ வந்து சேர்ந்தார் ஸ்ரீரங்கத்து ரிடயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். அவர் சம்சாரத்துக்கு இடுப்பில் வியாதி. அரை மணிக்கு மேல் உட்கார முடியாது, படுத்துவிட வேண்டும். திருப்பதிப் பெருமாளை ஒருதரம் சேவிக்க வேண்டும் என்று மாமிக்குப் பத்து வருஷத்து ஏக்கம். "நீ படுத்துண்டே வா" என்று மனுஷர் தச்சரைப் பிடித்து, சக்கரம் வைத்த வீடே கட்டிவிட்டார்! பலகைச் சுவர், ஜன்னல், முன்பக்கம் கட்டில், பின்கோடியில் சமையலுக்குத் தளிகை உள். அங்கே இரண்டு பீப்பாய் காவேரித் தீர்த்தம். வேறு ஊர்த் தண்ணீரில் தளிகை பண்ணுவதாவது! இத்தனையையும் இழுக்க அவருடைய பொடிசான கார்.

கொக்கியார் பக்கத்து மரவாடி எடைமேடையில் வீட்டை ஏற்றினார். பிறகு காரை ஏற்றினார்.

"ஐயா, வீடு காரைவிடக் கனம். இறக்கத்துல கார் வீட்டை இழுக்காது, வீடுதான் காரைத் தள்ளும். பீப்பா ரெண்டும் பின்கோடியில இருக்கு, அந்தக் கனத்துல வீடு வாலை ஆட்டும். வண்டி ஓடறப்ப உள்ள ஆள் படுக்கவே கூடாது. நான் மாட்டமாட்டேங்க."

"ஓய், நாற்பது வருஷம் ரயிலையே பார்த்துண்டவன் நான்!"

"ரயிலுக்குத் தண்டவாளம் இருக்குங்களே!"

மாஸ்டர் கோபித்துக்கொண்டு வேறு எங்கோ கொக்கி போட்டுக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் கொக்கியார்மேல் ஆத்திரம்தான். உட்கார முடியாத ஒரு அம்மாவின் ஒரே ஆசையில் மண்ணைப் போடுகிறாரே, படுபாவி!

மாமி கிளம்பும் அன்று காலை கொக்கியார் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். மாமி உள்ளே கட்டிலில் படுத்தாயிற்று. இவர் நேரே போய்க் கார் சக்கரத்துக்கு முன்னால் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார்!

"எழுந்திரும் ஓய்! என்ன கூத்து இது?" என்று கத்தினார் மாஸ்டர்.

"முதல்ல மாமியை இறக்குங்க. அப்புறம் என்மேல ஏத்திக்கிட்டுப் போங்க."

தெருவே கூடிவிட்டது. கடைசியில் மாமிதான் உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "ஏன்னா, அவர் எழுந்துக்கப் போறதில்லே. என்னை இறக்கிட்டு, பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு வாங்கோளேன்."

மாமியை இறக்கினார்கள். மாஸ்டர் விறைப்பாக ஓட்டினார்; நாங்கள் சைக்கிளில் பின்னாலேயே போனோம். காவேரிப் பாலம் தாண்டி இறங்குகிற இடத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கத்தான் பார்த்தது, வீடு விடவில்லை. வாலை இப்படியும் அப்படியும் ஆட்டி, காரையே குறுக்காகத் திருப்பி, ஓரத்து மணல்மேட்டில் போய்ச் சாய்ந்தது. மாஸ்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கதவைத் திறந்து பார்த்தோம். கட்டில் முறிந்து கிடந்தது. அதன்மேல் இரண்டு பீப்பாய்களும். மாமியின் தலையணை அடியில் நசுங்கியிருந்தது. மாஸ்டர் ரோட்டிலேயே உட்கார்ந்து குழந்தைபோல அழுதார்.

'நான் அப்பவே சொன்னேன்' என்று கொக்கியார் ஆரம்பிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ பக்கத்தில் உட்கார்ந்து, "அழாதீங்க ஐயா. மாமி திருப்பதி போறாங்க. நான் மாட்டித் தரேன்" என்றார்.

காருக்குப் பதிலாக வீட்டை இழுக்க, பட்டறையில் கிடந்த பழைய மிலிட்டரி வேனை முதலாளியோடு மல்லுக்கட்டி இரவல் வாங்கினார். வேனுக்குள்ளேயே மாமிக்கு மெத்தை. வீட்டுக்குத் தனியாகப் பிரேக். வீட்டை மலையடிவாரத்திலேயே விட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும் என்று கண்டிஷன். ஒரு பீப்பாயை இறக்கிவிட்டு, இன்னொன்றை அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளிக் கட்டினார்.

"தீர்த்தம் ஓய்! ஒண்ணு போறாது!" என்று மன்றாடினார் மாஸ்டர்.

"திருப்பதிப் பெருமாள் தண்ணி இல்லாமயாங்க இருக்காரு?"

அவர்கள் போயிருந்த எட்டு நாளும் கொக்கியார் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. டெலிபோன் மணி அடித்தால் எழுந்து நின்றுவிடுவார். ஒன்பதாம் நாள் வேன் பட்டறை வாசலில் வந்து நின்றது. நான் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்து, "கொக்கி அப்படியே இருக்கு!" என்று கத்தினேன்.

"அது கெடக்கட்டும்யா!" என்று அவர் வேனுக்குள் தலையை விட்டார். மாமி படுத்தபடியே கைகூப்பி, "கண்ணாரச் சேவிச்சுட்டேன்" என்றாள். கொக்கியார் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, பட்டறை நடுவில் நின்று விசும்பினார்.

அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் கேலியே பண்ணவில்லை என்று எழுத ஆசைதான். மறுநாள் காலையிலேயே பண்ணினோம். ஆனால் இன்றைக்கும் என் வீட்டு மனுஷர்கள் வெளியூருக்கு வண்டி ஏறும்போதெல்லாம், கொக்கியார் ஒருதரம் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்று சொல்லமாட்டாரா என்று மனசு அடித்துக்கொள்கிறது.