மாமா, கடைச் சுவரை இடித்துவிட்டார்கள்

பெருமதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகள் பணிவன்புடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம், அப்பாவின் தையல்கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவிலிருந்த சுவர்தான் இன்று காலையிலிருந்து இல்லை.

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்தருள்க. பக்கத்துக் கடைக்கு ஒரு தையல்கார அம்மா வந்திருக்கிறார். வேறு மொழி, வேறு இனம். ஒரு சமூகம் எதை மரியாதை என்று நினைக்கிறதோ அதிலிருந்துதான் அதன் தொழிலில் புதுமை முளைக்கும் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். சத்தியமான வார்த்தை மாமா. "குண்டாயிட்டீங்க" என்று ஒருவரிடம் சொல்வது நமக்கு மரியாதையில்லை அல்லவா? அதனால் அப்பா, தொப்பை வளர வளரத் தானே விரிந்துகொடுக்கும் இடுப்புப்பட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். யாருக்கும் தாம் பெருத்ததே தெரியவில்லை. பழைய கால்சட்டையே போதுமென்று ஒருவரும் கடைப்பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மாவின் ஆட்களுக்கோ உள்ளதை முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதையாம். முதுகும் பக்கவாட்டும் சேர்ந்து தெரிய மூன்று கண்ணாடிகளைக் கீல் போட்டு இணைத்து, "பாருங்க, எவ்ளோ தொப்பை!" என்கிறார். அங்கே கூட்டம் அலைமோதுகிறது. திட்டு வாங்கக் காசு கொடுக்கிறார்கள் மாமா!

நேற்று அவர் வந்து, "அண்ணே, ரெண்டு கடையையும் ஒண்ணாக்கிடலாமா? சுவரை எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். அப்பாவுக்குத்தான் யாரிடமும் முடியாது என்று சொல்ல வராதே. "அதுக்கென்னம்மா, தாராளமா" என்று சிரித்து டீயும் வாங்கிக் கொடுத்தார். நம் ஆட்களென்றால் அதைக் கேட்டுவிட்டு ஒரு வருடம் சும்மா இருப்பார்கள். அவர் காலையிலேயே சம்மட்டியோடு ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார்.

"வேண்டாம்னு சொல்ல வாயில்லையா உங்களுக்கு?" என்று அம்மா கத்தினாள்.

"அவங்க மனசு நோகுமேன்னு பார்த்தேன்."

"கடை போகுதே, அது நோகலையா?"

அப்பா இடிக்கிற ஆட்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

எங்கள் பிழைப்பே இந்தக் கடைதான் மாமா. இனி அப்பா சொந்தக் கடையிலேயே சம்பள ஆளாகிவிடுவார். நம் குடும்பத்தில் முகத்துக்கு நேரே பேசத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். உடனே வந்து, அப்பா சார்பில் "முடியாது" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அத்தைக்கு வணக்கமும் சின்னவளுக்கு முத்தங்களும்.

தங்கள் ஆசியை நாடும்
மருமகள்

பின்குறிப்பு: தபால்தலை வாங்கப் போகையில் கடையை எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா ஒருவரிடம் "வயிறு பெருத்துப்போச்சு" என்கிறார். அவர் கோபமாக அப்பா பக்கம் திரும்புகிறார். "சேச்சே, துணி சுருங்கியிருக்கும் சார்" என்று அப்பா தேற்றி, பட்டி வைத்த கால்சட்டைக்கு அளவெடுக்கிறார். வாசல்வரை வரிசை! ஆகவே "முடியாது" சொல்ல வரவேண்டாம். கால்சட்டை தைத்துக்கொள்ள மட்டும் வாருங்கள். கண்ணாடி முன் அந்த அம்மா என்ன சொன்னாலும் தன் தம்பி நீங்கள் சண்டைக்குப் போகக் கூடாது என்று அம்மா எழுதச் சொன்னாள்.