செவலை யாரைச் சேர்த்துக்கொண்டது

அன்று காலை எனக்கு ஒரே வேலை. கன்றின் முதுகில் உப்புத் தண்ணீர் தடவ வேண்டும். தடவிவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு நிக்காஹ்வுக்குப் போக வேண்டும்.

எங்கள் செவலைப் பசு போட்ட கன்று தங்கவில்லை. பசு மடியில் பால் கட்டிக்கொண்டு கத்தியது. என் மனைவி ஜமீலாவின் அண்ணன் காதர், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தாயில்லாத ஒரு கன்றை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். புட்டியில் ஊற்றினால் துப்பியது. செவலையிடம் போனால் உதை. வயிறு ஒட்டிப்போய் நின்றது.

"உப்புத் தண்ணி தடவுங்க மச்சான். மாடு நக்கும். நக்கிட்டா சேத்துக்கும்," என்றார் காதர்.

வெல்லமும் சேர்த்தால் இன்னும் நல்லது என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்காத யோசனை. பாகு காய்ச்சினேன்.

"சட்டைய மாத்திக்கிட்டுப் போங்க," என்றாள் ஜமீலா.

"ரெண்டு நிமிஷ வேலை!"

பினாங்கிலிருந்து வந்த டெர்லின் சட்டை. லால்பேட்டையில் அப்போது அப்படி இன்னொன்று இல்லை.

சட்டியைக் கன்றின் மேல் கவிழ்த்தேன். கன்று உடம்பை ஓர் உதறு உதறியது. பாதிப் பாகு என் மேல்!

செவலை கன்றை முகர்ந்தது. என்னை முகர்ந்தது. யோசித்தது. பிறகு என் காதிலிருந்து தொடங்கியது.

மாட்டு நாக்கு அரம் மாதிரி இருக்கும். விலகப் பார்த்தேன். கொம்பால் சுவரோடு அணைத்துக்கொண்டது.

"காதர்! மாட்டப் புடிங்க!"

ஓடி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சான், அசையாதீங்க! பால் எறங்குது!"

கன்றைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டார். அது கால்களுக்கு நடுவே தலையை நுழைத்து முட்டி முட்டிக் குடித்தது.

"என் பஸ்ஸு?"

"பஸ்ஸு நாளைக்கும் வரும்."

"நிக்காஹ் வருமா?"

"கன்னு குடிக்குதா இல்லியா?"

கழுத்தைக் கொஞ்சம் திருப்பிச் செவலைக்குக் காட்டினேன்.

"பிரியாணி போனா போவுது. குளிப்பாட்டியாச்சுல்ல," என்றாள் ஜமீலா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

சாயங்காலம் கன்றை மட்டும் விட்டுப் பார்த்தோம். உதை. என்னைக் கூட்டி வந்தார்கள். பால் இறங்கியது.

அதன் பிறகு காலையும் மாலையும் போய் நின்றேன். டெர்லின் சட்டையோடுதான். வேறு சட்டை என்றால் செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்து, "கன்னு நல்லாருக்கா?" என்று கேட்டார்கள். எந்தக் கன்றைக் கேட்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

கன்று தேறியது. ஒருநாள் பட்டன் போட்டுக்கொண்டே தொழுவத்துக்குப் போனேன். செவலை கன்றின் நெற்றியை நக்கிக்கொண்டிருந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தேன். திரும்பவே இல்லை.

"சேத்துக்கிச்சு மச்சான்!" என்று குதித்தார் காதர்.

தம்பி பிறந்த வீட்டில் மூத்த பிள்ளையின் கதி அதுதான்.